இரவல் மெத்தை மேல் ஒரு விருந்தாளி

சல்கினாய் வாயைத் திறந்தால் எதிர்ச்சரிவில் மேயும் ஆடுகள் தலை நிமிரும் என்று தெரெக்-சாய் என்ற மலைக்கிராமத்தில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் முப்பத்திரண்டு மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே கொட்டிலுக்கு வரவழைத்தவள் அவள். குரல் இல்லாமல் அது நடக்காது. மாவட்டத்திலேயே அதிகப் பால் கறந்ததற்கு ஒரு பதக்கமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் முதல் நாளே நின்றுவிட்டது. பதக்கத்தைப் பின்னாளில் மகள் துமார் ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டாள். குட்டி அதோடு எங்கேயோ போய்விட்டது.

பண்ணையைக் கலைத்தபோது எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். சல்கினாய்க்கும் அவள் கணவன் ஜோல்தோஷுக்கும் கிடைத்தது பதினோரு ஆடு, ஒரு கிழட்டு மாடு, ஓடாத டிராக்டரில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சப் பங்குகள் பக்கத்து வீட்டு சோனுனுக்கும் ஆற்றங்கரை எசெனுக்கும். ஒருவர் விற்றுவிடலாம் என்றால் இன்னொருவர் பழுது பார்க்கலாம் என்பார். மூன்றாமவர் இரண்டு பேரையும் நம்ப மாட்டார். பத்து வருஷத்துக்கு மேல் அது சோனுனின் வேலியோரம் நின்றது. கோழிகள் அதன் இருக்கையில் முட்டையிட்டன. முட்டை யாருக்கு என்பதில் தனியாக ஒரு சண்டை.

ஆடுகளில் சிலதை ஓநாய் தின்றது, சிலதை மாமனாரின் சாவுச் சடங்கு தின்றது. ஜோல்தோஷ் குதிரையிலிருந்து விழுந்து வலது காலைக் கோணலாக்கிக்கொண்டான். அதற்கப்புறம் கோடையில் மட்டும் ஊரார் மந்தையை மேய்த்தான். குளிர்காலத்தில் அடுப்படியில் உட்கார்ந்து மனைவி திட்டுவதைக் கேட்டான். அவன் பேசுவதற்கு வீட்டில் இடமும் இல்லை, தேவையும் இல்லை.

துமாருக்கு எட்டு வயதான அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் உருப்படியான பூட்ஸ் ஒரே ஒரு ஜோடி. சல்கினாயின் பாதம் சின்னது, முனையில் கம்பளியை அடைத்தால் துமாருக்கும் பொருந்தும். காலையில் பூட்ஸ் பள்ளிக்கூடம் போகும். மத்தியானம் திரும்பி வந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். பனி கொட்டும் நாட்களில், மாடு முக்கியமா படிப்பு முக்கியமா என்று கேள்வி வந்தால் மாடுதான் ஜெயிக்கும். இப்படி அந்த வருஷம் பாதிப் பாடம் துமாருக்குப் போயிற்று.

நாரின் நகரத்துத் தொண்டு நிறுவன ஆபீசிலிருந்து கான்ஷாயிம் என்ற பெண் வந்தது அப்போதுதான். வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் போட்டோவைப் பார்த்து ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுப்பார். அந்தக் குழந்தை படித்து முடிக்கும்வரை மாதாமாதம் உதவி வரும். ஊரில் அதை 'ஸ்பான்சர்' என்றார்கள்.

"நான் எதுக்குடி முகம் தெரியாத ஆளுகிட்ட கையேந்தணும்?" என்றாள் சல்கினாய்.

"நீங்க கையேந்த வேணாங்க்கா. பாப்பாவை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், அவ்வளவுதான்."

சல்கினாய் கதவோரம் ஒரு கால் சாய்ந்து கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். "சரி, எடுத்துத் தொலை" என்றாள்.

அங்கேதான் சிக்கல். கேமராவைக் கண்டால் துமாருக்குச் சிரிப்பு வரும். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண் ரெண்டும் கன்னத்துக்குள் புதைந்து காணாமல் போகிற சிரிப்பு. பசியும் பட்டினியுமாக இருந்த வீட்டில் அந்தக் கன்னம் மட்டும் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. முதல் வருஷம் ஊரில் ஒன்பது குழந்தைகளுக்கு ஸ்பான்சர் கிடைத்தது, துமாருக்கு இல்லை. அடுத்த முறை கான்ஷாயிம் வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாப்பா கொஞ்சம் சிரிக்காம இருந்தா..."

"சிரிக்காம? அழுதுகிட்டு நிக்கச் சொல்றியா?"

"அழ வேணாம். சும்மா, லேசா ஒரு சோகம்."

சல்கினாய் மகளின் பக்கம் திரும்பி, "ஏய், செத்துப்போன ஆட்டுக்குட்டியை நினைச்சுக்கோ" என்றாள். துமார் நினைத்தாள். முகம் தொங்கியது. கான்ஷாயிம் கேமராவைத் தூக்கினாள். சரியாக அந்த நொடியில் கான்ஷாயிமின் முதுகுக்குப் பின்னால் நின்ற கழுதை நீளமாகக் காற்றுவிட்டது. ஜோல்தோஷ், பேசாத ஜோல்தோஷ், "அதுவும் சோகமாத்தான் இருக்கு" என்றான். போட்டோவில் விழுந்தது வாயைப் பிளந்து சிரிக்கிற துமார். முன்பல் ஒன்று இல்லை, மற்றொன்று ஆடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தைத்தான் ஒருவர் எடுத்தார். ஹாலந்துக்காரர், பெயர் கீஸ். முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: "மற்ற குழந்தைகள் எல்லாம் நான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல என்னைப் பார்த்தார்கள். இவள் மட்டும்தான் அப்படிப் பார்க்கவில்லை."

பூட்ஸ் வந்தது. நோட்டும் புத்தகமும் வந்தன. குளிர்காலத்துக்கு நிலக்கரி வந்தது. ஆடிய பல்லுக்குப் பதிலாக வளைந்து முளைத்த பல்லை நாரினில் ஒரு டாக்டர் பார்த்தார். பதிலுக்குத் துமார் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுத வேண்டும். எழுதியது துமார், சொன்னது சல்கினாய். பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினால் முதலில் கால்நடையை விசாரிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆகவே முதல் வரியே, "உங்கள் மாடு கன்றுகள் நலமா? ஆடுகள் குட்டி போட்டனவா?"

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. "என்னிடம் கால்நடை எதுவும் இல்லை. ஜன்னலில் ஒரு பூச்செடி இருக்கிறது. அது நலம்."

சல்கினாய் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒரு ஆடுகூடவா இல்ல? ஒரு கோழி?"

"அந்த ஊர்ல யாரும் வச்சிருக்க மாட்டாங்கக்கா. அவங்க எல்லாம் வசதியானவங்க" என்றாள் கான்ஷாயிம்.

வசதிக்குச் சாட்சியாகக் கடிதத்தோடு ஒரு படமும் இருந்தது. நெட்டையான ஒல்லி மனிதர், பளபளவென்ற பெரிய மஞ்சள் பஸ் ஒன்றின் கதவில் கைவைத்து நிற்கிறார். படம் ஊர் முழுக்கச் சுற்றியது. "பஸ்ஸே சொந்தமா வச்சிருக்கான்டா!" என்றான் எசென். அன்றிலிருந்து துமாருக்கு ஊரில் பெயர் 'பஸ் முதலாளி மகள்'.

துமாருக்குப் பதின்மூன்று வயதானபோது, கோடை தொடங்குகிற சமயத்தில், கான்ஷாயிம் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே கத்தினாள். "அக்கா! கீஸ் வர்றாரு! இன்னும் மூணு வாரத்துல, நேர்ல!"

சல்கினாய் பால் வாளியைக் கீழே வைத்தாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரப் பெட்டியின் மேல் மடித்து அடுக்கிய மெத்தைகள் நான்கு. நான்கே நான்கு. மானமுள்ள வீட்டில் அந்த அடுக்கு உத்தரத்தைத் தொட வேண்டும்.

"நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்கக்கா. ஒண்ணும் செய்ய வேணாம். டீயும் ரொட்டியும் போதும்" என்றாள் கான்ஷாயிம்.

"நாலு வருஷமா எம் பொண்ணு காலுக்குச் செருப்பு போட்டவன் மொத மொத வாசப்படி ஏறுறான். அவனுக்கு வெறும் டீயா? நீ ஆபீசுக்குப் போய்ச் சேரு."

அதற்கப்புறம் மூன்று வாரம் ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை. சோனுன் வீட்டிலிருந்து ஆறு மெத்தை, எசென் வீட்டிலிருந்து ஐந்து. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீட்டுச் சுவர்க்கம்பளம். கடைக்காரரின் டீ குடிக்கும் பீங்கான் கிண்ணங்கள். ஒரு டிவியும் வந்தது. பகலில் மின்சாரம் வராத ஊரில் அது சும்மா கறுப்பாக உட்கார்ந்திருந்தது, ஆனால் கம்பீரமாக. ஆடு மட்டும் சொந்த ஆடு. மிச்சமிருந்ததில் கொழுத்தது.

"ஏய்யா, பார்த்துக்கிட்டே நிக்கிறியே, எப்படி இருக்கு?"

ஜோல்தோஷ் வீட்டை உற்றுப் பார்த்தான். "நல்லா இருக்கு. யார் வீடு?" என்றான்.

குறித்த நாளில் ஆபீஸ் கார் வந்தது. கீஸ் இறங்கினார், இறங்கிய வேகத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டார். அவர் நாடு தட்டையாம், மேஜை மாதிரி. மலைக்காற்றில் தலை சுற்றிவிட்டது. இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டுவந்து, உத்தரம் வரை உயர்ந்த மெத்தை அடுக்கின் முன்னால், கதவுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்காரவைத்தார்கள். மனிதர் கம்பளத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வெண்ணெயும் பாலாடையும் மலையாய்க் குவித்த எண்ணெய்ப் பலகாரமும் நிறைந்த விரிப்பைப் பார்த்தார்.

கான்ஷாயிமின் முகம் வெளுத்துப் போயிருந்தது. சல்கினாயின் காதருகே குனிந்தாள். "என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க? இவங்களுக்கா நான் உதவி பண்ணேன்னு நினைக்கப் போறாரு. என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே!"

"பேசாம டீயை ஊத்து."

வேகவைத்த ஆட்டுத் தலை வந்தது. முக்கிய விருந்தாளிக்குத்தான் தலை. அவர் அதன் காதை அறுத்து வீட்டுச் சின்னவளுக்குக் கொடுக்க வேண்டும். கீஸ் கத்தியைக் கையில் வாங்கி, தலையின் கண்ணைப் பார்த்து, தலை தன்னைப் பார்ப்பதையும் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். அரைக் காது வந்தது. துமார் அதை வாங்கிக் கறுக்கென்று கடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் சோனுனின் நாலு வயது மகள் உள்ளே நுழைந்தாள். நேராகக் கீஸிடம் போனாள். அவர் உட்கார்ந்திருந்த சிவப்பு மெத்தையின் மூலையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரி. இது எங்க மெத்தை" என்றாள். பிறகு மேலே கையை நீட்டி, "அதுவும். அந்தப் பச்சையும். அது எசென் மாமாவோடது."

சோனுன் மகளின் வாயைப் பொத்தினாள், காலம் கடந்துதான்.

"என்ன சொல்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் கீஸ்.

கான்ஷாயிம் சல்கினாயைப் பார்த்தாள். சல்கினாய் முகவாயைத் தூக்கிக்கொண்டு, "உள்ளதைச் சொல்லு. திருடிட்டா வந்தோம்?" என்றாள்.

கான்ஷாயிம் மொழிபெயர்த்தாள். கீஸ் மெத்தையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமினார். வாசலோரம் இருந்த தன் பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னார், சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார்.

கான்ஷாயிம் பெட்டியையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லேண்டி!"

"பெட்டி அவரோடது இல்லையாம்க்கா. அவர் வீட்டுக்குக் கீழ் மாடியில குடியிருக்கிற ஒரு அம்மாவோடதாம். கோட்டு மச்சானோடது. இவ்வளவு தூரம் போறோமே, நல்லபடியாத் தெரியணும்னு இரவல் வாங்கிட்டு வந்தாராம்."

"அப்போ பஸ்ஸு?" என்றான் எசென் பின்னாலிருந்து.

"ஓட்டுனாராம். முப்பத்தொரு வருஷம். பஸ் நகராட்சியோடது."

வீடு அதிர்ந்தது. எசென் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். தலைமையாசிரியர் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்தார். அது கடைக்காரருடையது என்பதால் அதற்கும் ஒரு சிரிப்பு. சல்கினாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் விசாரணையில் இறங்கினாள்.

"பொண்டாட்டி?"

இறந்து ஒன்பது வருஷம்.

"பிள்ளைங்க?"

இல்லை.

"டிக்கெட்டுக்கு என்ன பண்ணாரு?"

நாலு வருஷம் சேர்த்தாராம்.

"துமாருக்கு அனுப்புறது?"

கீஸ் கொஞ்சம் கூச்சப்பட்டார். சிகரெட்டை விட்டுவிட்டாராம். அது எப்படியும் உடம்புக்கு ஆகாதுதானே என்று தோளைக் குலுக்கினார்.

"வீட்டுல யாரு இவருக்கு டீ ஊத்துறது?"

இந்தக் கேள்வி கீஸுக்குப் புரியவில்லை. கான்ஷாயிம் இரண்டு தடவை திருப்பிச் சொன்னாள். "நானேதான்" என்றார் கடைசியில்.

சல்கினாய் எழுந்து வெளியே போனாள். கொட்டிலில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவள் மனசில் இருந்தது ஒரு பணக்காரன்; கைநிறைய வைத்திருப்பவன், கடலில் ஒரு குவளை மொண்டு தருகிறவன். வாங்கிக்கொள்வது உறுத்தியபோதெல்லாம் அந்த மஞ்சள் பஸ்ஸை நினைத்துச் சமாதானம் ஆவாள். இப்போது பஸ் இல்லை. ஜன்னலில் ஒரு பூச்செடியோடு தனியாக டீ ஊற்றிக் குடிக்கிற மனுஷன் இருந்தான். "பார்த்தியா இவனை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று மாட்டைத் திட்டினாள். மாடு அசைபோட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"இவர் ஓட்டலுக்குப் போகலை. இங்கதான் தங்குறாரு."

"ஐயோ அக்கா, விதி அனுமதிக்காது! ஸ்பான்சர் குழந்தை வீட்டுல தங்கக்கூடாது. ஆபீஸ் ஆள் கூடவே இருக்கணும்."

"அப்போ அவர் சோனுன் வீட்டுல படுக்கட்டும், நீ எங்கூட இரு. மெத்தைக்கா பஞ்சம்? பதினஞ்சு இருக்கு."

கான்ஷாயிம் காரை அனுப்பிவிட்டாள். நான்கு நாள் இருந்தாள். நாலாவது நாள் பாவாடை இடுப்பில் இறுக்கியதைப் பற்றி அவள் ஆபீஸ் அறிக்கையில் எழுதவில்லை.

தலைச்சுற்றல் நின்றதும் கீஸ் ஊரைச் சுற்றினார். டிராக்டர் கண்ணில் பட்டது. கோழிகளை மரியாதையாக இறக்கிவிட்டு மூடியைத் திறந்தார். அப்புறம் இரண்டு நாள் அதன் கீழேயே கிடந்தார். மூன்று வீட்டாரும் சுற்றி நின்றார்கள். அவர் கேட்ட ஸ்பானரைத் துமார் எடுத்துக் கொடுத்தாள், கேட்காததையும் கொடுத்தாள். எசென் மெதுவாகச் சல்கினாயிடம், "ஓடிச்சுன்னா முதல் உழவு எனக்கு" என்றான். "உன் மூஞ்சிக்கு முதல் உழவா?" என்றாள் சோனுன். பழைய சண்டை அந்த இடத்திலேயே புதுசாக முளைத்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கீஸ் வெளியே வந்தார். மூக்கு வரைக்கும் கரி. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"செத்துப்போச்சு" என்று மொழிபெயர்த்தாள் கான்ஷாயிம். "எஞ்சினுக்குள்ள மண்ணைத் தவிர ஒண்ணுமில்லையாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே செத்திருச்சாம்."

மூன்று வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பங்கை அமுக்கப் பார்க்கிறான் என்பார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், யாருடைய உறவுக்காரரும் இல்லாதவர், கரி பூசிக்கொண்டு சொன்னால் மறுபேச்சு ஏது? அடுத்த வாரம் அதை இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். சல்கினாயும் சோனுனும் அதற்கப்புறம்தான் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே வேலி போட்டு ஒரே கதவு வைத்தார்கள்.

கீஸ் கிளம்பும்போது சல்கினாய் ஒரு கனத்த கம்பளி அங்கியை அவர் தோளில் போட்டாள். "இது இரவல் இல்லைன்னு சொல்லு" என்றாள்.

இலையுதிர்காலத்தில் அவள் நாரின் தபால் ஆபீசில் நின்றாள். கவுண்டர் பெண் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, கல்லா?"

"குரூத். காய வச்ச தயிர் உருண்டை. நீ தின்னதே இல்லையா?"

"தின்னிருக்கேன். ஹாலந்துல யாரு தின்பா?"

"எங்க வீட்டு ஆளு ஒருத்தர் இருக்காரு" என்றாள் சல்கினாய்.

முகவரி தப்பு. கடிதங்கள் ஆபீஸ் வழியாகவே போனதால், கீஸ் வந்தபோது அவர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் துமார் எழுதி வைத்திருந்தாள். பெட்டியோ கீழ் மாடி அம்மாவுடையது. ஆகவே பொட்டலம் அவளிடம் போயிற்று. அவள் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, இது உணவா மருந்தா என்று கேட்க, கீஸ் விளக்க, இருவரும் ஆளுக்கொரு உருண்டையை வாயில் போட்டு ஒரு மணி நேரம் சப்பியிருக்கிறார்கள். அடுத்த கடிதத்தில் இதை எல்லாம் எழுதிவிட்டு, "இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை அவள்தான் டீ ஊற்றுகிறாள்" என்று முடித்திருந்தார். முகவரியைத் திருத்தலாமா என்று துமார் கேட்டாள். "கையை ஒடிச்சிருவேன்" என்றாள் சல்கினாய்.

துமாருக்குப் பதினெட்டு ஆனதும் ஆபீஸ் ஒரு சான்றிதழ் கொடுத்து உதவியை முடித்துக்கொண்டது. இனி தொடர்பு அவசியமில்லை என்றும் அதில் இருந்தது. "அவசியமில்லைன்னா வேணாம்னு அர்த்தமா?" என்று சல்கினாய் கேட்க, கான்ஷாயிம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்படி அர்த்தமில்லைக்கா" என்றாள். துமார் பிஷ்கெக்கில் கால்நடை மருத்துவம் படித்தாள். சொந்த ஊருக்குத் திரும்பி, மாவட்டம் முழுக்க மாடுகளுக்கு ஊசி போட்டாள். மாட்டுக்கு ஊசி போடும்போதுகூடச் சிரிக்கிறாள் என்று புகார் உண்டு.

போன வசந்தத்தில் கீஸ் மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கீழ் மாடி அம்மாதான் செய்தி அனுப்பினாள். துமார் தன் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த மறுநாள் போன் செய்தாள். சல்கினாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்காரு?"

"உக்கார்றாரும்மா. நாளைக்கு நர்ஸ் வீட்டுக்கு வந்து நடக்க விடுவாங்களாம்."

"வீடு கதகதப்பா இருக்கா?"

"இருக்கு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"உருளைக்கிழங்கு. ஒரு துண்டு இறைச்சி இருந்துச்சு. அதை எனக்கு வச்சுட்டாரு."

சல்கினாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜோல்தோஷ் அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவள் பேசாமல் இருப்பது அவனுக்குப் புதுசு.

"நீ தின்னியா?"

"பாதி தின்னேன். பாதி அவர் தட்டுல வச்சேன். சண்டை போட்டாரு."

"தின்னாரா?"

"தின்னாரும்மா."

"சரி" என்றாள் சல்கினாய். "வெண்ணெய் எடுத்துட்டுப் போனியே, அதை எங்க வச்சிருக்கே? வெளியில வச்சிராதே, உருகிரும்."